பதினைந்து அடி ஈரத்தரை: உடல் ஊனத்தோடு முதன்முதலாக நீச்சல் கற்கப் போகிறவர்களின் கேள்விகள்

எனக்கு இடது காலில் போலியோ. நினைவு தெரிவதற்கு முன்பே வந்துவிட்டது. தொடை முதல் பாதம் வரை காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் இரும்பும் தோல்பட்டையும் கொண்ட சட்டம், போட்டு நடக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 41 வயதில் நீச்சல் குளத்தில் சேர்ந்து நீந்தக் கற்றேன். அந்தச் செய்தி எப்படியோ பரவி, காலிப்பர் செய்யும் கடையிலும், மருத்துவமனை வரிசையிலும், கல்யாணப் பந்தியிலும் ஆட்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவன் அல்ல, பயிற்சியாளனும் அல்ல. என் காலைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். மற்றவர்களின் உடலைப் பற்றிச் சொல்வது, கூடவே கற்றவர்களிடம் பார்த்ததும் கேட்டதும் படித்ததும்.

கால் வேலை செய்யவில்லை என்றால் மூழ்கிவிட மாட்டோமா?

மாட்டோம். மிதப்பது காலின் வேலை இல்லை, நெஞ்சின் வேலை. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோருக்கு உடல் மேலேதான் நிற்கும். சூம்பிய காலில் சதை குறைவு, அதனால் அது நல்ல காலைவிட லேசு. முதல் நாள் நான் மல்லாந்தபோது என் இடது கால் வாழைமட்டை போலத் தானாக மேலே வந்து நின்றது. நாற்பது வருடமாக நான் தூக்கிச் சுமந்த கால் அது. அதை யாரும் தூக்காமல் மிதந்து பார்த்தது அன்றுதான் முதல் முறை.

எடைக்கணக்கும் நமக்குச் சாதகம். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்கள் தாங்க வேண்டிய எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்குதான். கழுத்தளவில் பத்தில் ஒன்று. வெளியே ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாத ஒருவர் மார்பளவு தண்ணீரில் எதையும் பிடிக்காமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய அம்மா கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அது ஆனந்தம்தான், ஆனால் குளத்துக் காவலாளி பயந்துபோய் ஓடிவந்தார்.

அப்படியானால் எதுதான் கடினம்?

உடை மாற்றும் அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள பதினைந்து அடி.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீச்சல் என்றால் தண்ணீரைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். தண்ணீரில் நான் ஒருமுறைகூட அடிபட்டதில்லை. அந்தப் பதினைந்து அடியில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

காலிப்பரை அறையிலேயே கழற்றிவிடுவேன். அதோடு ஷூவும் போய்விடும். வெறுங்காலுடன், இரண்டு ஊன்றுகோல்களுடன், ஈரமான டைல்ஸ் மேல் நடக்க வேண்டும். ஊன்றுகோலின் அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் அது ஈரத்தில் சறுக்குக்கட்டையாகிவிடும். வெளியே நடக்கும்போது தேய்மானம் தெரியாது. குளத்தில் சேரும் வாரத்தில் புதிய புஷ் மாட்டிவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, கால் கழுவும் தொட்டி. பல குளங்களில் உள்ளே போகும் வழியில், கணுக்கால் அளவு குளோரின் தண்ணீருடன் ஒரு சின்னப் பள்ளம் கட்டியிருப்பார்கள். எல்லாரும் அதில் இறங்கி ஏறித்தான் போக வேண்டும். இரண்டு காலும் சரியாக இருப்பவருக்கு அது ஒரு தொட்டி என்றே தோன்றாது. எனக்கு அது ஒரு படி இறக்கம், ஒரு வழுக்கல், ஒரு படி ஏற்றம். இரண்டாம் நாள் அதில்தான் விழுந்தேன். முழங்கை உரிந்தது, அன்றைய வகுப்பும் போனது. மறுநாள் காவலாளிதான் வழி சொன்னார்: "மோட்டார் ரூம் பக்கம் ஒரு கதவு இருக்கிறது சார், அதைத் திறந்துவிடுகிறேன், கையால் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு வாருங்கள்." அந்தக் கதவு வழியாகத்தான் இன்றுவரை போகிறேன். ஆகவே பயிற்சியாளரோடு மட்டுமல்ல, காவலாளியோடும் துப்புரவு செய்யும் அக்காவோடும் பழகுங்கள். தரை எங்கே பாசி பிடிக்கும், எந்த நேரத்தில் கழுவிவிடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, நாற்காலி. கைப்பிடி உள்ள கனமான பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் குளத்தின் ஓரத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். வெயில் காலமானால் நிழலில். சேலத்தில் சித்திரை வெயிலில் காய்ந்த டைல்ஸ் தோலைப் பொசுக்கிவிடும். காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சுடுவதே தெரியாது, வீட்டுக்குப் போன பிறகுதான் கொப்புளம் தெரியும்.

குளத்தில் இறங்குவதும் ஏறுவதும் எப்படி?

சாய்தளமோ, கைப்பிடியோடு அகலமான படியோ இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலான இடங்களில் சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணிதான். ஒரு கால் பலமாக இருந்தால் அதில் இறங்கலாம். எனக்கு அது சரிவரவில்லை. சூம்பிய கால் ஏணிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

நான் செய்வது இது. நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி உட்காருவேன். கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் ஒரே பக்கத்தில் ஊன்றி, சுவர்ப்பக்கமாகத் திரும்பி, வயிற்றுப்பக்கம் சுவரைத் தேய்க்காதபடி மெல்ல இறங்குவேன். ஏறும்போது ஓரத்தில் கைகளை ஊன்றி உடலைத் தூக்கி, வயிற்றைத் தரையில் போட்டு, பிறகு திரும்பி உட்காருவேன். கம்பீரமான காட்சி இல்லை, கடல்நாய் கரையேறுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் நானே ஏறுகிறேன்.

உதவிக்கு வருகிறவர்கள் உங்களைக் கேட்காமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். நல்ல எண்ணம்தான். தோள்பட்டை விலகிவிடும். ஊன்றுகோலிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்கிறவர்களுக்குத் தோள்தான் சொத்து. "நான் சொல்லும்போது இடுப்பைப் பிடித்துத் தள்ளிவிடுங்கள், அதுவரை தொடாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

சேர்த்துக்கொள்ள மறுத்தால் என்ன செய்வது?

எனக்கும் நடந்தது. நகரத்தில் ஒரு குளத்தில், "நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்றார்கள். எனக்கு முன்னால் நின்ற எட்டு வயதுப் பையனுக்கு அதே நிமிடத்தில் ரசீது போட்டுக் கொடுத்தார்கள். ஏதாவது ஆகிவிடும் என்ற கவலை அவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். பதில் வரவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை ஊனங்களை வரையறுக்கிறது. அதன் 30-ஆவது பிரிவு விளையாட்டைப் பற்றியது. விளையாட்டு வசதிகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைய வேண்டும் என்கிறது. அரசுக் குளமாக இருந்தால் இதை எழுத்தில் காட்டிக் கேளுங்கள், மனுவின் நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் கொடுங்கள். தனியார் குளமாக இருந்தால் சண்டை போட்டு உள்ளே நுழைவதில் எனக்கு விருப்பமில்லை. வேண்டா வெறுப்பாகச் சேர்த்துக்கொண்டவர் கையில் நம் தலையைத் தாங்கக் கொடுக்க முடியாது. நான் அடுத்த குளத்துக்குப் போனேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டையின் நகலையும், நீந்தலாம் என்று மருத்துவர் எழுதிய ஒரு சீட்டையும் கையோடு கொண்டுபோனால் பாதி வாதம் முடிந்துவிடும். வலிப்பு, இதயக் கோளாறு, ஆறாத புண், சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் அந்தச் சீட்டு சடங்குக்காக அல்ல, உண்மையாகவே தேவை.

ஊனமுற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவம் உள்ள பயிற்சியாளர் கிடைப்பாரா?

கிடைத்தால் நல்லது. கிடைக்காமல் போனாலும் கற்கலாம். போனில் விசாரிக்கும்போது "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வாருங்கள்" என்பவரைவிட, "எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்கு எந்தக் கால், எவ்வளவு பலம் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பவர் மேல். என் பயிற்சியாளர் இரண்டாவது ரகம். என்னைவிட பதினைந்து வயது இளையவர். முதல் வகுப்பில் என்னை "சார்" என்றார், ஐந்தாவது வகுப்பில் "அண்ணா" என்றார், அதற்குப் பிறகு திட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் உருப்பட்டேன்.

அவரிடம் சொல்வதற்கு ஒரு செய்தி வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் ஹாலிவிக் என்ற பள்ளியில், உடல் ஊனமுற்ற சிறுமிகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க 1949-இல் ஜேம்ஸ் மெக்மில்லன் என்பவர் ஒரு முறையை உருவாக்கினார். அவர் தண்ணீரின் இயக்கம் தெரிந்த பொறியாளர். ஹாலிவிக் முறை என்று அதற்கு இன்றும் பெயர். பத்துப் படிகள் கொண்டது. ஒருவருக்கு ஒருவர் துணை, மிதவைகள் கிடையாது. கை கால் அடிப்பதற்கு முன்னால் மூச்சும் சமநிலையும் உடலைத் திருப்புவதும்தான் பாடம். கற்பவரால் எது முடியாது என்று பார்க்காமல், தண்ணீரில் எது முடிகிறது என்று பார்ப்பது அதன் அடிப்படை. என் பயிற்சியாளர் அதைக் கேள்விப்பட்டதில்லை. கைபேசியில் காணொளிகளைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது நம் கிணற்றில் கற்றுக்கொடுப்பதற்கு நேர் எதிர், அண்ணா" என்றார்.

கிணற்றில் எப்படிக் கற்றுக்கொடுப்பார்கள்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாழப்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் இடுப்பில் கயிறு, முதுகில் மிதவையாகக் காய்ந்த சுரைப்புரடை (சுரைக்குடுக்கை), கட்டி முடித்தவுடன் மேலிருந்து ஒரு தள்ளு. மூன்றாம் நாள் புரடையை அவிழ்த்துவிடுவார்கள். என் அண்ணன்மாரும் பெரியப்பா மக்களும் இப்படித்தான் கற்றார்கள். நான் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து அவர்களுடைய துணிகளுக்குக் காவல் இருப்பேன். ஒருவர்கூட என்னையும் தள்ளிவிடவில்லை. அது அன்பினால்தான் என்று இப்போது தெரிகிறது, அப்போது அவமானமாக இருந்தது.

அந்தச் சுரைப்புரடை போல நமக்கு டியூப் கட்டிக்கொண்டால் போதாதா?

இதில் நான் கண்டிப்பானவன். இடுப்பில் மாட்டும் காற்று டியூப் வேண்டாம். கால் பக்கம் லேசாக உள்ளவர்களுக்கு டியூப் இடுப்பைத் தூக்கி, தலையைக் கீழே கவிழ்த்துவிடும். கவிழ்ந்தால் கால்களை உதைத்து நிமிரவும் முடியாது. கையில் மாட்டும் காற்றுப்பையும் இதே கதைதான், ஒரு பக்கம் நழுவினால் உடல் புரண்டுவிடும்.

பலகையைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொல்வார்கள். கால் அடிக்காதவனுக்குப் பலகை எதற்கு? அரை மணி நேரம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றிருக்கிறேன். தொடைகளுக்கு நடுவே கவ்விக்கொள்ளும் மிதவைக் கட்டை ஒன்று உண்டு. அது பயன்படும், ஆனால் என் இடது தொடைக்குக் கவ்வும் பலம் இல்லாததால் அகலமான ஒட்டுப்பட்டையால் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். இவையெல்லாம் கற்க உதவும் சாமான்கள், உயிர் காக்கும் சாமான்கள் அல்ல. பயிற்சியாளரின் கை எட்டும் தூரம்தான் பாதுகாப்பு.

முதல் பாடம் எது?

மூச்சு. முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயாலும் மூக்காலும் காற்றை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்குவது பாடம் இல்லை, விடுவதுதான் பாடம். "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே முகத்தை இறக்கினால் மூக்கில் தண்ணீர் ஏறாது.

அதற்கு அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: படுத்த நிலையிலிருந்து நிமிர்ந்து நிற்பது. கால் நன்றாக உள்ளவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதே இல்லை. அவர்கள் பயந்தவுடன் கால் தானாகத் தரையைத் தேடும், நின்றுவிடுவார்கள். நமக்கு அது கிடையாது. மல்லாந்து மிதக்கும்போது பயம் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தலையைப் பின்னால் எறிந்து, கைகளை மேலே வீசுவோம். கைகள் தண்ணீரை விட்டு மேலே போனால் முகம் கீழே போகும்.

சரியான முறை இது. மோவாயை நெஞ்சுப் பக்கம் கொண்டுவர வேண்டும். முன்னால் ஒரு மேசை இருப்பதாக நினைத்து, அதன் மேல் வைத்த தட்டை எடுப்பதுபோல இரு கைகளையும் தண்ணீருக்குள்ளேயே முன்னே நீட்ட வேண்டும். இடுப்பு மடங்கும், உடல் ஊஞ்சல் போல ஆடி நிமிரும். என் நல்ல கால் மட்டும் தரையைத் தொடும், இடது கால் மேலேயே நிற்கும். முதலில் அது எனக்குப் புரியவில்லை. இரண்டு காலும் இறங்கட்டும் என்று காத்திருந்து மறுபடி மறுபடி சாய்ந்தேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, பயிற்சியாளர், "அண்ணா, அந்தக் காலை விட்டுவிடுங்கள், அது வருகிறபோது வரட்டும்" என்றார். ஒற்றைக் காலில், கொக்கு மாதிரி நின்றேன். இது கைவரும்வரை மூன்றரை அடி ஆழத்தைத் தாண்டிப் போக மாட்டேன் என்று அடம்பிடியுங்கள்.

மிதக்கும்போது உடல் ஒரு பக்கமாகப் புரள்கிறதே?

புரளும். இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லையே. எனக்கு இடது பக்கம் லேசு, அதனால் வலது பக்கமாகச் சாய்வேன். தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினால் நேராகிவிடும். தலை மிகக் கனமான சுக்கான். கையைச் சற்று அகலமாக விரித்தும் சரிசெய்யலாம். ஒரு கால் முழங்காலுக்கு மேல் எடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. பக்கவாதத்தால் ஒரு பக்கம் இறுகியவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், அவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதை முதலில் பயிற்சியாளர் கையில் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒற்றைக் கையால் நீந்துகிறவர்கள் வட்டமடிப்பார்கள், சிரிக்க வேண்டாம், காலடியாலும் தலையாலும் அதையும் நேராக்கலாம்.

எந்த நீச்சல் நமக்கு எளிது?

மல்லாந்த நீச்சல். முகம் வெளியே இருக்கும், மூச்சுக் கவலை இல்லை, கால் அடிக்காவிட்டாலும் நகரும். இரண்டு கைகளையும் ஒருசேர வீசி இழுப்பது எனக்கு வசதி. தவளை நீச்சலுக்கு இரண்டு காலும் வேண்டும், நான் தொடவே இல்லை.

காலிப்பரையும் செயற்கைக் காலையும் போட்டுக்கொண்டே இறங்கலாமா?

வேண்டாம். தோலும் இரும்பும் குளோரின் தண்ணீரில் கெட்டுவிடும், கனமும் கீழே இழுக்கும். தண்ணீருக்கென்றே செய்த செயற்கைக் கால்கள் உண்டு, கற்பதற்கு அவை அவசியம் இல்லை. கழற்றிய காலிப்பரைத் துண்டில் சுற்றி, உயரமான இடத்தில், யாருடைய வாளித் தண்ணீரும் தெறிக்காதபடி வையுங்கள். ஈரமான தொடையில் தோல்பட்டையை மாட்டினால் மாலைக்குள் புண்ணாகிவிடும். நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட உட்கார்ந்து, பிறகு மாட்டுங்கள். கால் எடுத்தவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் வெட்டுவாய்த் தோலை ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இறங்கலாமா?

இறங்குகிறார்கள். முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட்டு. படுக்கைப்புண் இருந்தால் ஆறும்வரை கூடாது. இறங்குமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட வேண்டும். குளத்தின் தரையும் சுவரும் சொரசொரப்பாக இருக்கும், குதிகாலும் பெருவிரலும் உரிந்தால் தெரியாது, ஆகவே காலுறை அணியுங்கள். அடி மேலே பட்டவர்கள், அதாவது ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்கள், ஒன்றை மறக்கக் கூடாது: திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை வந்தால் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது என்று பொருள். உடனே வெளியே எடுத்து, படுக்க வைக்காமல் உட்கார வைத்து, காரணத்தைத் தேட வேண்டும். இதை ஒரு அட்டையில் தமிழில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது அவசரத்தில் ஞாபகம் வராது.

குளிர் தாங்குமா? ஏற்காட்டில் கற்கலாம் என்று இருக்கிறோம்.

ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்துக்குப் போகிறீர்கள். டிசம்பர், ஜனவரியில் சூடாக்காத குளத்தில் நல்ல உடம்புக்காரர்களே அலறுவார்கள். போலியோ காலில் உணர்ச்சி உண்டு, பலம்தான் இல்லை. சதை இல்லாததால் சீக்கிரம் குளிர்ந்து நீலம் பாய்ந்து, மணிக்கணக்கில் சூடு திரும்பாது. தசை இறுக்கம் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் இறுக்கத்தைக் கூட்டும். சிகிச்சைக்கான குளங்களில் தண்ணீர் 33 முதல் 36 டிகிரி வரை இருக்கும், போட்டிக் குளங்களில் 25 முதல் 28 வரைதான். மலைக்கு உலாப் போங்கள். கற்பதைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலும் காலை ஆறு மணி வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளால் குளம் சந்தைக்கடையாக இருக்கும், உங்கள் முகத்தில் யாராவது குதிப்பார்கள். ஜூன் பிறந்து பள்ளி திறந்தவுடன், வேலை நாளில், வெயில் ஏறிய பத்து பதினொரு மணிக்குக் குளம் உங்களுடையது. முதலாளியிடம் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம். கால்கள் கத்தரிபோல் இறுகும். சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் இருபது பேர் கொண்ட வகுப்பில் அல்ல. ஒரு பயிற்சியாளர் அவளுக்கு மட்டும். ஹாலிவிக் முறை இத்தகைய குழந்தைகளுக்கு மிகவும் பொருந்தும். விசில் சத்தமும் திடீர்க் கூச்சலும் இந்தக் குழந்தைகளைத் தூக்கிப்போடும், உடல் முழுவதும் இறுகிவிடும். எனவே கூட்டம் இல்லாத நேரம். தண்ணீரை விழுங்கினால் புரையேறும் பழக்கம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் அப்பாவோ அம்மாவோ கூடவே தண்ணீரில் இறங்குவது நல்லது. "எனக்கு நீச்சல் தெரியாதே" என்றார் இதைக் கேட்ட அம்மா. மூன்றடித் தண்ணீரில் நிற்கத் தெரிந்தால் போதும்.

உடை? பெண்கள்?

பருத்தி வேண்டாம், தண்ணீர் குடித்துக் கனக்கும். உடலோடு ஒட்டும் நைலான் வகை. முழங்கால் வரை, கணுக்கால் வரை, முழுக்கை என்று பெண்களுக்கு மூடிய நீச்சல் உடைகள் கிடைக்கின்றன. பின்பக்கம் ஜிப் உள்ளதை வாங்கினால் ஒற்றைக் கையால் போட முடியாது. பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா என்று கேட்கும்போதே, அந்த நேரத்தில் உதவிக்குப் பெண் பணியாளர் இருப்பாரா என்றும் கேளுங்கள். நேரம் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

எல்லாரும் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள். பதினைந்து அடியும் பார்ப்பார்கள். தண்ணீரில் இறங்கியவுடன் தலை மட்டும்தான் தெரியும், பிறகு யாரும் பார்ப்பதில்லை. குழந்தைகள் கேட்பார்கள், அதில் தப்பில்லை. ஒரு பையன் என் காலைப் பார்த்து, "அங்கிள், இது ஏன் சின்னதாக இருக்கிறது?" என்றான். காய்ச்சல் வந்து வளராமல் நின்றுவிட்டது என்றேன். "அப்படியானால் அந்தக் காலுக்கு ஷூ சின்ன சைஸா?" என்றான். நாற்பது வருடத்தில் யாரும் கேட்காத, சரியான கேள்வி. ஆமாம், இரண்டு ஜோடி வாங்கி ஒன்றொன்றை வீணடிக்கிறேன் என்று அவனிடம்தான் முதலில் புலம்பினேன்.

எவ்வளவு நேரம் நீந்தலாம்?

முதல் மாதம் இருபது நிமிடம். போலியோக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருடம் கழித்து நல்ல தசைகளும் களைக்கத் தொடங்குவது எங்களுக்கு உள்ள தொல்லை. வலியைத் தாங்கிக்கொண்டு செய்தால் பலம் கூடும் என்ற அறிவுரை எங்களுக்கு ஆகாது. மறுநாள் காலை எழும்போதும் களைப்பு தீராமல் இருந்தால் அளவு அதிகம், குறையுங்கள்.

கற்ற பிறகு கிணறு, ஏரி, மேட்டூர்?

ஏற்காடு ஏரி படகுக்கு. மேட்டூரிலும் காவிரிக்கரையிலும் ஆடிப்பெருக்கன்று எல்லாரும் முழுகுகிறார்கள் என்றால், படித்துறையில் உட்கார்ந்து செம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள், ஆற்றின் இழுப்பு வெளியே பார்த்தால் தெரியாது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சுவரிலிருந்து நீட்டிய கல்தான் படி, பிடிக்க ஒன்றும் இருக்காது. மோட்டார் ஒயரும் அருகிலேயே தொங்கும். இறங்குவது ஒரு பாடு, ஏறுவது இன்னொரு பாடு. நான் இன்னும் இறங்கியதில்லை, ஆசை போகவும் இல்லை.

போட்டிகளில் கலந்துகொள்ளலாமா?

சேலத்தில் இந்தப் பேச்சு வந்தால் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பெயர் வராமல் இருக்காது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஆனால் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமே நீச்சலில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டரை 37.33 வினாடியில் நீந்தி வென்றார். பாரா நீச்சலில் உடல் ஊனமுற்றவர்களைச் செயல்திறனுக்கு ஏற்ப எஸ்1 முதல் எஸ்10 வரை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள், எண் கூடக்கூட ஊனத்தின் தாக்கம் குறைவு. மேடையிலிருந்து குதிக்க முடியாதவர்கள் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். வயதும் ஆசையும் உள்ளவர்கள் போகட்டும். எனக்கு மதியச் சோற்றுக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும்.

எத்தனை நாளில் வரும்?

யாருடைய கணக்கும் யாருக்கும் பொருந்தாது. எனக்குக் கை பிடிக்காமல் மிதக்கப் பதினோரு வகுப்பு. ஒவ்வொரு முறையும் தடுமாறாமல் நிமிர்ந்து நிற்க அதற்கு மேலும் ஒரு வாரம். 25 மீட்டரை நிற்காமல் கடக்க ஐந்து மாதம். கடந்த அன்று கையால் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பயிற்சியாளர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியா அண்ணா? நான் பார்க்கவில்லையே, இன்னொரு தடவை போங்கள்" என்றார். போனேன். பாதியைத் தாண்டியவுடன் மூச்சு வாங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அவர் இன்றுவரை நம்பவில்லை.